கிண்டியில் வேலை, வாடகைக்கு 12,000 ரூபாய்: சென்னையில் எங்கே குடியேறலாம்?

கேள்வி இதுதான். தென்காசிக்காரர் ஒருவருக்குச் சென்னைக்கு மாற்றல். கிண்டி தொழிற்பேட்டையில் வேலை, பிடித்தம் போகக் கையில் 38,000 ரூபாய் வரும். மனைவி, வருகிற ஜூனில் எல்.கே.ஜி. சேர வேண்டிய பையன். வாடகைக்கு 12,000-க்கு மேல் முடியாது. அலுவலக நண்பர்கள் வேளச்சேரியைக் காட்டி, "டபுள் பெட்ரூம்னா 18,000-க்குக் கீழே பேச்சே கிடையாது" என்று கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இந்தப் பணத்தில் குடும்பத்தோடு நிம்மதியாக இருக்க சென்னையில் ஏரியா உண்டா என்று கேட்கிறார்.

உண்டு. வேளச்சேரியில் தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடத்தில் இந்த ஊரில் ஏழு வீடு மாறியிருக்கிறேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஆரம்பித்து, சைதாப்பேட்டைப் போர்ஷன், முடிச்சூர், குரோம்பேட்டை என்று சுற்றி இப்போது பெரம்பூரில் இருக்கிறேன். அதில் இரண்டு வீடுகள் முழு முட்டாள்தனம். அந்த இரண்டிலும்தான் நிறையக் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஒரு விஷயம். சும்மா மலிவாக இருக்கும் ஏரியா எதுவும் சென்னையில் கிடையாது. மழைத் தண்ணீர் நிற்கும், இல்லையென்றால் குழாய்த் தண்ணீர் உப்பு. ரயில் குறைவாக இருக்கும், ஐ.டி. கம்பெனிகளுக்குத் தூரமாக இருக்கும், அல்லது அந்தப் பகுதிக்கு ஒரு கெட்ட பேர் இருக்கும். வாடகை குறைந்திருப்பதற்கு இதில் ஏதோ ஒன்று காரணம். அந்தக் காரணம் என்ன என்று கண்டுபிடியுங்கள். அது உங்களைத் தொடாது என்றால் உங்களுக்கு லாபம். தொடும் என்றால், வாடகையில் மிச்சம் பிடித்ததை லாரித் தண்ணீருக்கோ ஆட்டோவுக்கோ டாக்டருக்கோ கொடுத்துத் தீர்ப்பீர்கள்.

இரண்டாவது, உங்கள் 12,000. அது வாடகை மட்டும் என்றால் அதிகம். வாடகை, மெயின்டனன்ஸ், கரண்ட், தண்ணீர், ரயில், ஸ்டேஷனுக்குப் போகும் ஷேர் ஆட்டோ எல்லாம் சேர்த்து 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வாடகை 9,000-இலிருந்து 10,000-க்குள் இருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இனி இடம். கிண்டியில் வேலை கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம். சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் அங்கே நிற்கிறது, மெட்ரோவும் அதே இடத்தில் நிற்கிறது. இதே சம்பளத்தில் சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்திருந்தால் எனக்கு இந்தப் பதிலை எழுதவே கை வந்திருக்காது. பழைய மகாபலிபுரம் சாலையில் ரயில் இல்லை, தண்ணீர் பெரும்பாலும் லாரியில் வருகிறது, வாடகை மட்டும் கம்பெனிச் சம்பளத்தைப் பார்த்து வைத்தது.

ஆகவே சென்னை வரைபடத்தை மறந்துவிட்டு ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பது இந்த ஊரில் ஒன்றும் சொல்லாது. மேடவாக்கம் கிண்டிக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. காலை எட்டரை மணிக்கு அங்கிருந்து பஸ் ஏறிப் பாருங்கள், தெரியும். தாம்பரம் அதைவிடத் தூரம். ஆனால் மின்சார ரயிலில் அரை மணிக்குள் கிண்டியில் இறங்கிவிடலாம், மழை பெய்தாலும், முதலமைச்சர் கார் போனாலும். டிக்கெட் 5 ரூபாயிலிருந்து ஆரம்பம். மாத சீசன் சில நூறு ரூபாய்தான்.

கிண்டிக்குத் தெற்கே பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம் என்று வரிசையாக வரும். பழவந்தாங்கலை ஒட்டிய நங்கநல்லூர் உங்களுக்குக் கட்டாது. அது கோயில், மாமி மெஸ், ஃபில்டர் காபி என்று ஒரு தனி உலகம், வாடகையும் அதற்கேற்ப. பல்லாவரத்திலிருந்து வாடகை இறங்கத் தொடங்கும். சானடோரியம், தாம்பரம் பக்கம் போகும்போது உங்கள் பட்ஜெட் கண்ணுக்குத் தெரியும். போன சில மாதங்களில் என் கண்ணில் பட்ட போர்டுகளை வைத்துச் சொன்னால், ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உள்ளே, பழைய தனி வீட்டு மாடியில், சிங்கிள் பெட்ரூம் ஒன்பதாயிரத்திலிருந்து பதினோராயிரத்துக்குள் இருக்கிறது. லிஃப்ட் இருக்காது, கார் நிறுத்த இடம் இருக்காது, மொட்டை மாடியில் ஓனர் வீட்டு வடகம் காயும். உங்களிடம் கார் இல்லையே, அப்புறம் என்ன?

தாம்பரத்தைத் தாண்டினால் வாடகை படிக்கட்டில் இறங்கினாற்போல இறங்கும். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியில் அதே பணத்துக்கு டபுள் பெட்ரூமே கேட்கலாம். சில நிமிடப் பயணத்துக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? பீச்சிலிருந்து வரும் வண்டிகளில் பெரும்பகுதி தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வண்டி அதைவிட இடைவெளி விட்டுத்தான் வரும். தாம்பரத்தில் இருப்பவருக்கு ஒரு வண்டி போனால் அடுத்தது உடனே வரும். கூடுவாஞ்சேரிக்காரருக்கு வண்டி போனால் அன்றைக்கு அலுவலகத்தில் அரை நாள் லீவு. இது உங்களைத் தொடுமா என்றால், வேலையைப் பொறுத்தது. பயோமெட்ரிக்கில் ஒன்பது மணிக்குள் விரல் வைக்க வேண்டிய வேலையா? தாம்பரத்துக்கு உள்ளேயே பாருங்கள். ஷிஃப்ட் வேலையோ, கொஞ்சம் முன்பின் போனால் பரவாயில்லை என்ற வேலையோ என்றால் தாராளமாகத் தாண்டுங்கள்.

தென்காசிக்காரருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வசதி. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தெற்கே போகும் அரசுப் பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. தீபாவளிக்கு ஊருக்குப் போக நான் பெரம்பூரிலிருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பண்டிகை முடிந்துவிடும். ஊரப்பாக்கத்தில் இருப்பவர் கடைசி நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போகலாம். பொதிகை எக்ஸ்பிரஸ் ரயிலும் தாம்பரத்தில் நிற்கும். ஆனால் அந்த முனையத்தைக் காட்டியே வண்டலூர், ஊரப்பாக்கத்தில் வாடகையை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், கவனம்.

நேரத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்வார்கள். எடுத்துப் பார்ப்போம். வேளச்சேரியில் 18,000, பெருங்களத்தூரில் 9,500. வித்தியாசம் 8,500. சீசன் டிக்கெட், ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ என்று 1,500 கழித்தாலும் மாதம் 7,000 மிச்சம். இதற்கு நீங்கள் கொடுப்பது ஒரு நாளைக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், மாதம் 25 மணி நேரம். உங்கள் சம்பளத்தை மணிக்குப் பிரித்தால் ஏறக்குறைய 190 ரூபாய். 25 மணி நேரத்துக்கு 4,750. ஆகவே கணக்கிலும் லாபம்தான், ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் இன்னும் லாபம். எனக்கு இந்தக் கணக்கில் பெரிய நம்பிக்கை இல்லை. மிச்சமாகும் நேரத்தை யாரும் 190 ரூபாய் கொடுத்து வாங்கப்போவதில்லை. பையன் தூங்குவதற்கு முன் வீட்டுக்கு வருகிறோமா என்பதுதான் நான் போடும் கணக்கு. கிண்டியில் ஆறரைக்கு வேலை முடிந்தால் பெருங்களத்தூரில் எட்டு மணிக்குள் வீடு சேரலாம். கூடுவாஞ்சேரியைத் தாண்டி மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில் என்று போனால் சேர முடியாது. அதனால் உங்களுக்கு எல்லை கூடுவாஞ்சேரி.

உங்கள் மனைவி வேலைக்குப் போவதாக இருந்தால் அவருடைய பயணத்தையும் இப்போதே யோசியுங்கள். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு இலவசம். வீட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பஸ் அடிக்கடி வருகிற நிறுத்தம் இருந்தால் அது மாதம் ஆயிரம் ரூபாய் வாடகை குறைந்ததற்குச் சமம். டீலக்ஸ், ஏ.சி. பஸ் மட்டும் வருகிற நிறுத்தம் கணக்கில் சேராது.

இனி என் முதல் முட்டாள்தனம். 2014-இல் முடிச்சூரில் தரைத்தளத்தில் ஒரு வீடு. அக்கம்பக்கத்தைவிட வாடகை 1,500 குறைவு. நல்ல ஓனர், விசாலமான ஹால், வாசலில் மல்லிகைப் பந்தல். ஏன் குறைவு என்று கேட்கத் தோன்றவில்லை. 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரையை மீறி வந்தது. விடிவதற்குள் பீரோவின் இரண்டாவது தட்டு வரை தண்ணீர். என் டிகிரி சர்டிஃபிகேட், கல்யாண ஆல்பம், மகளின் தடுப்பூசி அட்டை எல்லாம் அந்தத் தட்டில்தான் இருந்தன. மூன்று நாள் ஓனர் வீட்டு மாடியில் இருந்தோம். அவர்கள்தான் சோறு போட்டார்கள், அதை மறக்கக் கூடாது. தண்ணீர் வடிந்த பிறகு, இந்தத் தெருவில் முன்பும் இப்படி வந்திருக்கிறதா என்று ஓனர் வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "2005-லயும் வந்துச்சே தம்பி" என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலையே" என்றார்.

ஆகவே கேளுங்கள், ஆனால் ஓனரிடம் கேட்காதீர்கள். தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்கள்: "2015-ல இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு? 2023 மிக்ஜாம் புயலப்போ?" கடைக்காரர் முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார். அதைவிட நம்பகமான வரைபடம் கிடையாது. கண்ணாலும் பார்க்கலாம். புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு வாசலில் ஐந்தாறு படி வைத்திருக்கிறார்களா? பழைய வீடுகள் ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் இருக்கின்றனவா? காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா? ஊர்ப் பெயரும் கொஞ்சம் சொல்லும். தாங்கல், ஏந்தல் என்பதெல்லாம் நீர்நிலைக்கு நம் முன்னோர் வைத்த பெயர். அதற்காகப் பெயரை மட்டும் பார்த்து ஒதுக்கினால் சென்னையில் பாதி ஊர் மிஞ்சாது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஆற்றை ஒட்டிய தெருக்கள், சிட்லபாக்கத்தில் ஏரியை ஒட்டிய தெருக்கள், வேளச்சேரியில் பல நகர்கள் (ஆமாம், அந்த 18,000 ரூபாய் வேளச்சேரிதான்), பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியவை, இவற்றில் தரைத்தளம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதே தெருவில் முதல் மாடி என்றால் நான் யோசிப்பேன். வெள்ளம் தரைத்தளத்துக்குத்தான் வருகிறது, ஆனால் வாடகை தெரு முழுவதற்கும் குறைகிறது. வருடத்தில் இரண்டு நாள் பால் வாங்கப் போக முடியாது என்பதைத் தாங்கிக்கொள்ள முடிந்தால், அங்கே முதல் மாடி வீடு நல்ல பேரம்தான்.

அடுத்தது குழாய்த் தண்ணீர். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றியபோது சென்னை பட்ட பாட்டை ஊரிலிருந்து டிவியில் பார்த்திருப்பீர்கள். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அது அபூர்வ வருடம். எல்லா வருடமும் நடப்பது வேறு: போர்வெல் தண்ணீர் கடினமாக இருக்கும், சாம்பார் பருப்பு வேகாது. பருப்பு வேகாத வீட்டில் கேஸ் செலவு அதிகம், தலைமுடி கொட்டும், ஹீட்டர் சீக்கிரம் போகும். வீடு பார்க்கும்போது பாத்ரூம் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால் உப்பு. தரையில் செம்மஞ்சள் கறை இருந்தால் இரும்பு. கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒரு முறை, மாடிக்கு ஏறுகிறதா, அல்லது கீழே வந்து குடத்தில் பிடிக்க வேண்டுமா என்று குடியிருப்பவரிடம் கேளுங்கள். தாம்பரம், பல்லாவரம் பக்கம் சில தெருக்களில் பாலாற்றுத் தண்ணீர் வரும். வாய்த்தால் விடாதீர்கள். கோடையில் லாரி வாங்கினால் அதை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதும் முக்கியம்.

குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் தோல் தொழிற்சாலையால்தான். அதை ஒட்டிய நாகல்கேணி, பம்மல் பக்கம் தோல் பதனிடும் ஆலைகள் நிலத்தடி நீரைக் கெடுத்துவைத்திருக்கின்றன. அங்கே வாடகை இதமாக இருக்கும். வெளியிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும் தெரு என்றால் போகலாம், போர்வெல்லை மட்டும் நம்பியிருக்கும் வீடு என்றால் சின்னப் பையனை வைத்துக்கொண்டு போக வேண்டாம்.

சரி, கெட்ட பேரால் மலிவான ஏரியாவுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமாகக் காத்திருந்தேன்.

வடசென்னை என்றால் உங்கள் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களில் பலர் ராயபுரத்தை சினிமாவில் மட்டும் பார்த்தவர்கள். நகரத்தின் பழைய பகுதிகளில் ஒன்று அது. ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலே அங்கிருந்துதான் கிளம்பியது. தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் குழந்தை குட்டியோடு வேலைக்குப் போகும் குடும்பங்கள் நிறைந்த தெருக்கள். மீன், காய்கறி, துணி எல்லாம் தெற்கைவிட மலிவு. எம்.சி. ரோட்டில் துணி வாங்கியவர் தி.நகரில் விலை கேட்கவே கூசுவார். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை போய்விட்டது. அதே நீல வழித்தடம்தான் கிண்டி வழியாக விமான நிலையம் போகிறது, நீங்கள் வண்டி மாறவே வேண்டாம். தண்டையார்பேட்டையில் ஏறினால் ஏ.சி.யில் உட்கார்ந்தபடி கிண்டியில் இறங்கலாம். செலவுதான் மின்சார ரயிலைவிடக் கூடுதல்: மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய், கார்டிலோ கியூ.ஆரிலோ எடுத்தால் 20 சதவீதம் கழிவு. அந்த அதிகபட்சத்தையே வைத்தாலும் போக வர 80, மாதம் 2,000 ரூபாய் என்று எடுத்துவையுங்கள். அப்படியும் வேளச்சேரியைவிட மிச்சம்.

ஆனால் இங்கும் காரணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேர் கெட்டது ஒன்று, காற்று கெட்டது இன்னொன்று. முன்னது உங்களைத் தொடாது, பின்னது பையனின் நெஞ்சைத் தொடும். மணலியிலும் எண்ணூரிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அனல் மின் நிலையம் எல்லாம் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மட்டும் அங்கே எண்ணெய் கசிந்து ஆற்றில் கலந்தது, அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். ஆகவே திருவொற்றியூர் தேரடிக்குத் தெற்கே இருந்துகொள்ளுங்கள், அதற்கு வடக்கே எவ்வளவு மலிவென்றாலும் எல்.கே.ஜி. பையனோடு போகாதீர்கள். கண்டெய்னர் லாரி ஓடும் சாலையில் வாசல் திறக்கும் வீடும் வேண்டாம்.

பெரம்பூர், கொளத்தூர், வில்லிவாக்கம் எனக்குப் பிடித்தவை. ரயில்வேக்காரர்கள் உருவாக்கிய அமைதியான ஊர் பெரம்பூர். ஆனால் கிண்டிக்கு வர சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவுக்கோ பார்க் ஸ்டேஷனுக்கோ மாற வேண்டும். தினம் இரண்டு முறை மாறுவது சோர்வான வேலை. அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூருக்கும் இதே பதில்: வாடகை நல்லது, தண்ணீரும் பல இடங்களில் நல்லது, ஆனால் அது சென்ட்ரலிலோ அம்பத்தூர் எஸ்டேட்டிலோ வேலை செய்பவருக்கான ஊர். போரூர், ஐயப்பன்தாங்கல், மாங்காடு பக்கம் பைக்கில் வருகிறேன் என்றால் மவுண்ட் பூந்தமல்லி ரோட்டை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இன்னொரு வழி, கிட்டத்தில் சின்ன வீடு. சைதாப்பேட்டை, ஆதம்பாக்கம், பரங்கிமலைப் பக்கம் பழைய போர்ஷன்கள் இன்னும் இருக்கின்றன. ஒரு ஹால், ஒரு சமையலறை, காற்று ஒரு பக்கம்தான் வரும், பாத்ரூம் சில இடங்களில் பொது. உங்கள் பணத்துக்குக் கிடைக்கும், நடந்தே வேலைக்குப் போகலாம். நானும் மனைவியும் மட்டும் இருந்தபோது சைதாப்பேட்டையில் அப்படி இருந்தோம், சந்தோஷமாகத்தான் இருந்தோம். குழந்தை தவழ ஆரம்பித்ததும் முடியவில்லை.

வீடு எப்படிப் பிடிப்பது? இணையத்தில் போடப்படும் வீடுகள் ஏற்கெனவே ஒரு படி விலை ஏறியவை. பழைய தனி வீட்டு ஓனர்கள் கேட்டில் 'டு லெட்' அட்டை மாட்டுவதோடு சரி, பலர் அதையும் செய்வதில்லை. ஏரியாவை முடிவு செய்ததும் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து போங்கள், இஸ்திரி வண்டிக்காரரைப் பிடியுங்கள். எந்த வீட்டில் யார் காலி செய்கிறார், எந்த ஓனர் வள்வள் என்று விழுவார், எந்த வீட்டில் ஆறு மாதத்துக்கு மேல் யாரும் இருப்பதில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். தண்ணீர் கேன் போடும் பையனும் மாவு விற்கும் அக்காவும் அடுத்தபடி. இவர்கள் கைகாட்டி வீடு அமைந்தால் ஐநூறு, ஆயிரம் கொடுங்கள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை போவதைவிட நல்லது.

காலமும் உதவும். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் வீடு மாற மாட்டார்கள். ஆனியில் காலியான வீடு ஆவணி வரை பூட்டிக் கிடக்கும், ஓனருக்கு வயிறு எரியும். சாஸ்திரம் பார்க்காதவர் என்றால் ஆடியில் போய்ப் பேசுங்கள், ஐநூறாவது குறையும், அட்வான்ஸும் குறையும். பார்ப்பவர் என்றாலும் ஆடியில் பேசி முடித்து ஆவணியில் பால் காய்ச்சலாம். மே மாதம்தான் மோசமான நேரம். பள்ளிக்கூட அட்மிஷனுக்காக ஊரே வீடு தேடும். உங்கள் பையன் ஜூனில் சேர வேண்டும் என்பதால் ஆடி வரை காத்திருக்க முடியாது. பிப்ரவரி, மார்ச்சிலேயே பிடித்துவிடுங்கள்.

சில ஓனர்கள் என்ன ஆட்கள், கறி சமைப்பீர்களா என்று கேட்பார்கள். வாய்விட்டுக் கேட்காதவர்கள் ஊர், குலதெய்வம் என்று சுற்றி வந்து கேட்பார்கள். அந்த வீட்டில் பொய் சொல்லிக் குடிபோகாதீர்கள், மீன் வாங்கிய அன்றெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ வேண்டியிருக்கும்.

அட்வான்ஸ் விஷயம். சென்னையில் பத்து மாத வாடகை கேட்கும் வழக்கம் இன்னும் சாகவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தில் பத்து என்று எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டால் சட்டம் உதவாது. நடைமுறையில் ஐந்துக்குப் பேசி முடிக்கலாம். காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள். அது எவ்வளவு என்பதை இப்போதே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். என் இரண்டாவது முட்டாள்தனம் அதுதான். குரோம்பேட்டை வீட்டை விட்டபோது, வாய்ப்பேச்சை நம்பியதால் ஒரு மாதத்துக்குப் பதில் மூன்று மாத வாடகையை இழந்தேன்.

வாடகையே இல்லை, ஆறு லட்சம் கொடுங்கள், மூன்று வருடம் கழித்து அப்படியே திருப்பித் தருகிறேன் என்று போக்கியத்துக்கும் வீடு வரும். ஊரில் நிலம் விற்ற பணம் கையில் இருந்தால் மனம் இழுக்கும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் தொடாதீர்கள். அதில் வங்கியிடம் உரிமை ஆவணங்கள் ஒப்படைத்ததாகப் பதிவு இருந்தால் வீடு கடனில் இருக்கிறது. ஓனர் தவணை கட்டாமல் வங்கி ஏலம் விட வந்தால், உங்கள் ஆறு லட்சத்தைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை.

கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேலும் முதல் சில படிகள் மலிவு. தனி மீட்டரில் 300 யூனிட் ஓடினால் ஆயிரத்துக்குள் அடங்கும். ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினால் அதே 300 யூனிட் 2,700. வாடகை ஐநூறு குறைவு என்று போன வீட்டில் இப்படித்தான் பணம் போகும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். ஒரு சனிக்கிழமை மாலை ஆறரைக்குக் கிண்டியில் ரயில் ஏறிச் சானடோரியத்தில் இறங்கி, இருட்டில் உள்ளே ஒன்றரை கிலோமீட்டர் நடப்பேன். தெருவிளக்கு எரிகிறதா, நாய் எத்தனை, மனைவி தனியாக இந்த வழியில் வருவாரா என்று பார்ப்பேன். இரவு தெரிந்தவர் வீட்டில் தங்கி ஞாயிறு காலை தாம்பரத்தில் கிழக்கு, மேற்கு இரண்டு பக்கமும் சுற்றுவேன். எந்தப் பக்கம் பையனின் பள்ளிக்கூடமோ அந்தப் பக்கம் வீடு. தண்டவாளத்தைத் தாண்டிப் பள்ளிக்கு விடும்படி ஆகக் கூடாது, மழையில் சுரங்கப்பாதை நிரம்பிவிடும். மதியத்துக்கு மேல் மெட்ரோவில் தண்டையார்பேட்டை போய் அங்கே இரண்டு வீடு பார்ப்பேன், ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே. என் ஊகம், தாம்பரத்துக்கும் சானடோரியத்துக்கும் நடுவே முதல் மாடியில் 9,500-க்கு ஒரு சிங்கிள் பெட்ரூமில் முடிப்பீர்கள்.

சாவி கைக்கு வந்ததும் காலி வீட்டைச் சுவர், குழாய், கதவு என்று மூலைக்கு மூலை வீடியோ எடுத்து, மீட்டர் ரீடிங்கையும் போட்டோ பிடித்து, பால் காய்ச்சுவதற்கு முன்பே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.